அக்காவைப் பேயாக்கிய படம்

என் அக்காவைச் சிலர் இப்போது ‘பேய் அம்மா’ என்கிறார்கள். கொஸ்லந்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைக் காட்டிச் சிரிக்கும். ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்று போனில் படம் எடுக்கக் கேட்டான். நான் விரட்டினேன். அக்காவுக்குக் கோபம் வருவதில்லை. எனக்கு வருவதும் கோபம் இல்லை. கறிக்குள் பல்லி கிடந்ததைப் பாதி தின்றபிறகு பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

மலை சரிந்து எங்கள் லயம் மண்ணுக்குள் போன அன்று நான் கொழும்பில் இருந்தேன். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற வேலை. கல்லாவுக்கு மேலே டீவி. அதில் ஒரு மலை காட்டினார்கள். மூலையில் சிவப்பு எழுத்தில் ‘நேரடி’ என்று போட்டிருந்தது. எங்கள் மலை என்று உடனே தெரியவில்லை. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லையே. கோயில் மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு அக்காவைக் காட்டினார்கள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்கோடு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். சேலை முழங்காலுக்கு மேலே கிடந்தது. ஒருத்தன் அவள் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, “இப்ப உங்க மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டான். அக்கா மைக்கைப் பார்த்தாள். அவன் விடாமல் நீட்டிக்கொண்டே நின்றான்.

கடையில் கொத்து ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருவர், “முதலாளி, சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க” என்றார். முதலாளி கூட்டினார். நான் கையில் மாவோடு வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

அக்கா அன்று காலை பெரட்டுக்குப் போயிருந்தாள். வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடுகிற இடம் அது. அதனால் தப்பினாள். மகள் பள்ளிக்கூடம் போக வீட்டில் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை. மச்சான் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். பிள்ளை கிடைக்கவில்லை. பலபேர் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் போட்டோவை வைத்துக் கருமாதி செய்தார்கள். அக்கா செய்ய விடவில்லை. எங்களில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டுதான் பெண்கள் ஒப்பாரி பாடுவார்கள். தாய்மாமன் புதுத்துணி கொண்டுவந்து பிணத்தின் மேல் போடவேண்டும். அதற்குப் பேர் கோடி. கோடி விழாமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். தாய்மாமன் நான். நான் கோடி வாங்குகிறேன் என்றபோது அக்கா, “எது மேல போடப் போற?” என்று கேட்டாள்.

அவள் அழவே இல்லை. புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக் கதவை அவள் உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கொழும்பு வேலையை விட்டுவிட்டு அவளோடு தங்கிவிட்டேன்.

வருசங்கள் போயின. அப்புறம்தான் படக்காரர்கள் வந்தார்கள்.

தோட்டத் தலைவர்தான் கூட்டிவந்தார். பேய்ப் படமாம். ஒரு டீவிக் கூட்டம் மண்ணில் மூழ்கிய லயத்துக்குப் போய் நேரடி நிகழ்ச்சி நடத்துகிறது. நடந்துகொண்டிருக்கும்போதே செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுதான் கதை. டைரக்டர் எங்களை உட்கார வைத்துக் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கொழும்புக்காரர். காலில் நல்ல சப்பாத்து போட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள், “செத்தவங்க எதுக்குத் தம்பி டீவியில வரணும்? வீட்டுக்கு வரமாட்டாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார்.

ஒரு இடத்தில் ஒரு பிணத்தைச் சுற்றி எங்கள் பெண்கள் அழவேண்டும். அதற்கு ஆள் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அக்கா, “பொணம் இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா. வயசுப் புள்ள. நடிகை ஒருத்தங்க படுத்திருப்பாங்க.”

“மூடி இருக்குமா?”

“வெள்ளத் துணி போட்டு மூடி இருக்கும்.”

“நான் வாறேன்” என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில், “உனக்கு என்ன கிறுக்கா?” என்று கேட்டேன். “தம்பி, நான் ஒருதடவ அழுதுக்கிறேன்” என்றாள்.

மண் சரிந்த இடத்திலேயே எடுத்தார்கள். தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்திருந்தார். இப்போது அங்கே மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை வெட்டிக் கொட்டகை போட்டு, சோற்றுப் பானையை வைத்து, நாற்காலி போட்டார்கள். பின்னேரம் பனி இறங்கினால் ராத்திரி மாதிரி இருக்கும் என்று காத்திருந்தார்கள். கேமராக்காரன் ஒருவன் மேட்டுக்குப் பின்னால் போய் மூத்திரம் பெய்தான். அது யார் வீட்டு வாசல் என்று எனக்குத் தெரியும்.

பிணமாகப் படுக்க வந்த பிள்ளைக்கு முகத்தில் சாம்பல் பூசி, வாயிலும் காதிலும் ரத்தம் ஊற்றினார்கள். கித்துள் மரத்துப் பாகான பாணியில் சிவப்புச் சாயம் கலந்தது. ஈ மொய்த்தது. எறும்பு வந்தது. ஒருத்தன் ஈயை விரட்டினான், ஒருத்தன் மறுபடி ஊற்றினான். எங்கள் ஆட்களை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோது நான் நின்றேன். ரத்தம் இருக்கவில்லை. வாய் நிறைய மண்தான் இருந்தது.

பனி இறங்கியது. அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் மூடினார்கள். எங்கள் பெண்களைச் சுற்றி உட்கார வைத்தார்கள். டீவி அறிவிப்பாளராக நடிக்கிறவன் மைக்கோடு வந்து நின்றான். உதவிக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று அக்காவிடம் குனிந்து, “அம்மா, ஒருக்கா அழுங்கோ. கன நேரம் வேண்டாம். நாங்கள் கை காட்டினதும் நிப்பாட்டுங்கோ” என்றது.

அக்கா அதைக் கேட்டாளோ என்னவோ. தலைமாட்டில் உட்கார்ந்தாள். துணிக்குமேல் நெற்றியைத் தடவினாள். பிறகு தொடங்கினாள்.

அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கே வைத்திருந்தாளோ. பிள்ளையின் பேரைச் சொல்லி, தலை சீவிய சீப்பைச் சொல்லி, குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியைச் சொல்லிப் பாடினாள். பக்கத்து வீட்டு அத்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடிக்க வந்த பெண்கள் எல்லாரும் அப்படியே சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆள் மண்ணுக்குள் இருந்தது.

டைரக்டர் “கட்” என்றார். யாரும் நிறுத்தவில்லை. மறுபடி “கட்” என்றார். எங்களில் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் இல்லை. அத்தை தலையைத் தூக்கி என்னைத் தேடினாள். “எங்க தாய்மாமன்? கோடி வந்துருச்சா?” என்று கேட்டாள். சாவு வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டாள். நடிப்பு என்பதை மறந்துபோனாள். நான் வெறுங்கையோடு நின்றேன். படக்காரர்கள் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அடுத்தது, பிணம் எழவேண்டும். தாய் பயந்து கத்தவேண்டும். அந்தப் பிள்ளை துணியை விலக்கிக்கொண்டு, வாயில் சிவப்பு வழிய, மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. அக்கா கத்தவில்லை. முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள்.

“கட். அம்மா, நீங்க பயப்படணும். செத்த புள்ள எந்திரிக்குது இல்ல?”

“ஆமாங்க.”

“அப்ப பயப்படணும்.”

“எம்புள்ள எந்திரிச்சு வந்தா நான் எதுக்குங்க பயப்படுறேன்?”

அத்தை, “அதானே” என்றாள்.

திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா துடைத்தாள். சாயம் பூசுகிறவன் சலித்துக்கொண்டான். பனி கலையப் பார்த்தது. டைரக்டர் ஒரு ஆளைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அவன் கையில் ஒலிபெருக்கி இருந்தது. மேட்டுப் பக்கம் போனான். கேமராவை மறுபடி ஓடவிட்டார்கள். பிள்ளை துணியை விலக்கியது.

மேட்டிலிருந்து அவன் கத்தினான்: “மண்ணு வருது! ஓடுங்க!”

எங்களிடம் அதைச் சொல்லிக் கத்தக்கூடாது. மழை பெய்தால் இன்றைக்கும் நாங்கள் உடுத்த துணியோடு தூங்குகிறவர்கள். பெண்கள் எல்லாரும் பக்கவாட்டில் ஓடினார்கள். கீழே ஓடினால் சாவு என்று எங்களுக்குத் தெரியும். ஒருத்தி விழுந்தாள், அவள்மேல் இன்னொருத்தி விழுந்தாள். நானும்தான் ஓடினேன். நாலு எட்டு ஓடியபிறகுதான் அக்கா நினைவு வந்தது. திரும்பினேன்.

அக்கா ஓடவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கல்லின்மேல், வேரின்மேல், தரதரவென்று இழுத்தாள். பல்லைக் கடித்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. விடுங்க, விடுங்க என்று அலறியது. கேமரா அவர்கள் பின்னாலேயே ஓடியது.

மண் வரவில்லை.

“சூப்பர்” என்றார் டைரக்டர். “இதுதான் வேணும். இதுதான்.”

நான் அவரிடம் போனேன். “யாரு கத்தச் சொன்னது?”

“நடிப்புக்குத்தானே அண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

அத்தை அப்போது பீலித் தண்ணீர்க் குழாயடியில் நின்று சேலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள். வயசானவள். எங்கள் பக்கம் திரும்பாமல் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிழிந்தாள். நான் அதை டைரக்டருக்குக் கையால் காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு சாப்பாட்டைப் பற்றி யாரிடமோ பேசப் போனார். அவர் நின்ற இடத்தில் துப்பினேன். வேறு என்ன செய்ய.

நடிகைப் பிள்ளையின் முழங்கை சிராய்த்து, நிஜ ரத்தமும் பாணியும் ஒன்றாக ஒழுகியது. அக்கா அதன் கையை இன்னும் விடவில்லை. அந்தப் பிள்ளையும் கையை உருவவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “எனக்கு இது தெரியாது அண்ணை” என்று என்னிடம் சொன்னது. இருக்கலாம்.

படம் டீவியில் ஒரு லீவு நாளில் போட்டார்கள். எங்கள் ஆட்கள் வருகிறார்கள் என்று வீடு நிறையக் கூட்டம். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். மூலையில் அதே சிவப்பு எழுத்து. மைக்குக்காரன் வந்தான், பனி வந்தது. ஒப்பாரி வந்தது. ஆனால் அதை இழுத்து, மெதுவாக்கி, நாய் ஊளையிடுகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். பேர் இல்லை, சீப்பு இல்லை, தேத்தண்ணி இல்லை. ஒரு சொல் விளங்கவில்லை.

பிறகு அக்கா வந்தாள். முகத்தை நீலமாக்கி, கண்ணில் கருவிழியை எடுத்திருந்தார்கள். அவிழ்ந்த முடியும் கடித்த பல்லுமாக ஒரு பிள்ளையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிறாள். பிள்ளை அலறுகிறது. கதையையே மாற்றிவிட்டார்கள். தாய்தான் பேய்.

வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள் வீரிட்டன. அத்தை சொன்னாள், “அடியே, ஒன்ன பேயாக்கிப்புட்டானுங்களேடி.”

எழுந்துபோய் டீவியை நிறுத்தக் கை நீட்டினேன்.

“இரு தம்பி” என்றாள் அக்கா.

“இது என்னத்துக்கு உனக்கு? அசிங்கம்.”

“இரு. நிறுத்தாத.”

முன்னால் குனிந்து, திரைக்குக் கிட்டவாக உட்கார்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அவள் கை பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இழுக்க இழுக்கப் பிள்ளை வந்தது.

“பாத்தியா,” என்றாள். “வந்துருச்சு. அன்னைக்கு நான் வீட்டுல இருந்திருந்தா இழுத்திருப்பேன்.”

படம் முடியாமலே ஆட்கள் எழுந்து போனார்கள். அன்றைக்குப் படுக்கப் போகும்போது அக்கா, “நாளைக்குக் கோடி வாங்கிட்டு வா” என்றாள். நான் தலையாட்டினேன். “பாவாடத் துணி வேணாம். சேல வாங்கு. இப்ப இருந்தா சேல கட்டுற வயசு.”

முதல் பஸ்ஸில் போனேன். கடைக்காரர் கல்யாணத்துக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்ல மஞ்சளில் ஒன்று எடுத்தேன்.

மானாப்புல்லை விலக்கி, வீடு இருந்திருக்கும் என்று நாங்கள் நினைத்த இடத்தில் விரித்தோம். காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்தேன். படக்காரர்கள் விட்டுப்போன சோற்றுப் பொட்டலமும் பிளாஸ்டிக் கோப்பையும் புல்லுக்குள் அப்படியே கிடந்தன. பொறுக்கி ஒரு சாக்கில் போட்டேன்.

அத்தை உட்கார்ந்து அக்காவின் கழுத்தைக் கட்டப் போனாள். அக்கா கையை மெதுவாக விலக்கினாள்.

“வேணாங்க அத்த,” என்றாள். “அதான் அன்னைக்கே பாடியாச்சே.”