ஐந்துக்கு அடுத்த சுவர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு கூடம்தான். உள்ளே சுண்ணாம்பு அடித்த நீளச் சுவரில் 1, 2, 3, 4, 5 என்று காவி நிறத்தில் பெரிதாக எழுதியிருக்கும். எந்த எண்ணுக்குக் கீழே உட்காருகிறோமோ அந்த வகுப்பு. வருஷம் முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த எண்ணுக்குக் கீழே நகர்ந்து உட்கார வேண்டும். ஐந்துக்கு அப்புறம் கொஞ்சம் வெறுஞ்சுவர். அதற்கு அப்புறம் கதவு. ஐந்தாவது முடித்தவன் அந்தக் கதவு வழியாக வெளியே போய் ஏர் பிடிக்க வேண்டியதுதான். நானும் அப்படித்தான் போனேன்.

சின்ன வயசில், படிப்பு என்பதே மொத்தம் ஐந்துதான் என்று நினைத்திருந்தேன், கைக்கு ஐந்து விரல் இருப்பதுபோல. அதற்கு மேலே படித்தவர்கள் கள்ளக்குறிச்சியில் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அவர்களை ஆறு விரலோடு பிறந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறேன். வேலைக்குப் பயந்தவன் இல்லை, பேச்சுக்குத்தான் பயம். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் வெல்லம் கேட்கப் போனால், கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்று நின்று கடைசியில் வெறுங்கையோடு வந்துவிடுவேன். அதனால் என் மனைவியே கடைக்குப் போய் வருவாள்.

என் மகள் ஐந்துக்குக் கீழே உட்கார்ந்த வருஷத்தில்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ் ஓடும் என்று சொல்லவும் முடியாது, ஓடாது என்று சொல்லவும் முடியாது. ஆறாவது படிக்க வேண்டும் என்றால் கச்சிராயபாளையம் போக வேண்டும். அதற்கும் அந்த பஸ்தான்.

"பஸ்சு வர்ற அன்னிக்குப் போவா. மரத்த வெட்டிப் போட்ட அன்னிக்கு இன்னா பண்ணுவா? ரோட்டுல நின்னுக்கினு இருப்பாளா பொட்டப்புள்ள?" என்றாள் மனைவி.

அவள் கேட்டதில் தப்பு இல்லை. பரீட்சை முடிந்ததும் மகளைத் தன்னோடு களை வெட்டக் கூட்டிப்போவதாக முடிவு செய்து, கொல்லரிடம் சொல்லிச் சின்னதாக ஒரு களைக்கொத்து அடித்து வாங்கி வந்துவிட்டாள். மகள் கைக்கு அளவாகப் பிடி போட்டிருந்தது. அதைக் கூரை வாரையில் செருகி வைத்திருந்தாள். மகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நிமிர்ந்து அதை ஒருமுறை பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைப்போல.

வகுப்பு என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வாயில் அந்தச் சொல் வராது. பள்ளிக்கூடத்தில் இருப்பது நாலாப்பு, அஞ்சாப்பு. மனிதர்களுக்குள் இருப்பது சாதி. வகுப்பு என்பது சர்க்கார் சொல். ஆனால் அந்த வருஷம் சுவரெல்லாம் அந்தச் சொல்லாகத்தான் இருந்தது. ஒலிபெருக்கி கட்டின வண்டி வந்தால் அதுவும் பிற்பட்ட வகுப்பு, முற்பட்ட வகுப்பு என்றுதான் கத்திக்கொண்டு போகும். எந்த வகுப்பில் சேர்த்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட டீக்கடையில் விலாவாரியாகப் பேசினார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் தலையாரி தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார்.

"இதனால ஊர் சனங்களுக்குத் தெரிவிக்கிறது இன்னான்னா, நாளைக்குக் காலைல நம்ம பள்ளிக்கூடத்துல மேல் வகுப்பு சேர்க்கறாங்க. ஆபீசர் வர்றாரு. புள்ளகுட்டியோட தவறாம வந்து சேந்துக்கணும்!"

பக்கத்து நிலத்துக்காரர், எனக்கு மாமா முறை, தெருவிலேயே அவரை மறித்தார். "யோவ், எந்த வகுப்புன்ன?"

"மேல் வகுப்பு."

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான். வாத்தியாரு சொல்லச் சொன்னாரு, நான் சொல்றேன். வழிய வுடுய்யா" என்று தலையாரி தமுக்கை அடித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஊரே பள்ளிக்கூடத்து முன்னால் நின்றது. ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லாரும் வந்திருந்தார்கள். முந்தின நாள் சந்தைக்குப் புளியும் தேனும் கொண்டுவந்து, பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட மலைக்காரர்களும் வந்திருந்தார்கள். சாதிவாரியாகத் தலை எண்ணுவார்கள் என்று நினைத்து ஆளாளுக்கு வீட்டிலிருந்த பிள்ளைகளையெல்லாம் இழுத்து வந்திருந்தார்கள். ஆடு மேய்க்கிற பையன்கள், அஞ்சாப்போடு நின்று களை வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகள், யாரையும் விடவில்லை. நானும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நானும் சாதிக் கணக்கு என்றுதான் போயிருந்தேன்.

தலைமை ஆசிரியர் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். கைகூப்பினார். "ஊரே வரும்னு நான் நெனைக்கவே இல்லீங்க. மேல் வகுப்பு நம்ம ஊருக்கே வந்திடுச்சு!"

"அது எங்களுக்கு வேணாம் சார்" என்றார் மாமா.

"ஏங்க வேணாங்கறீங்க?"

"மேல போட்டா சலுகை பூடும் சார். எங்கள கீழ போடுங்க."

"கீழ் வகுப்புதான் ஏற்கெனவே இருக்குதேங்க."

"அதுலயே இருந்துட்டுப் போறோம்."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். "யோவ், கரும்பு வெச்சிக்கினு கெணறு வெச்சிக்கினு உனுக்குக் கீழ கேக்குதா? நீ கீழ போயிட்டு எங்கள மேல தள்ளிவுடப் பாக்கறியா?"

"உன்ன எவன் தள்ளறான்? நீ நிக்கற நிப்புல உன்னத் தள்ள முடியுமா?" என்றார் மாமா.

ஆசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சமாதானமாகச் சொன்னார்: "பெரியவங்க யாரும் சேர வேணாங்க. புள்ளைங்க மட்டும் மேல் வகுப்புல சேந்தாப் போதும்."

அதுதான் நெருப்பில் எண்ணெயாகப் போனது. "இன்னாது? அப்பன் கீழ, புள்ள மேலயா? ஒரே வூட்டுல ரெண்டு சாதியா?" என்று நாலாபுறமும் கேட்டார்கள். மறியலில் கோஷம் போட்டுப் பழகின ஒருவர் "மேல் வகுப்பு!" என்று குரல் கொடுத்தார். "வேணாம், வேணாம்!" என்று ஊரே பதில் போட்டது.

அந்த நேரத்தில் ஆபீசர் வந்து சேர்ந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். வழியில் கிடந்த மரங்களையெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்க வேண்டும். தலையிலும் சட்டையிலும் புளிய இலை ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று கோஷத்தைக் கேட்டார்.

"இன்னா சார் இது? ரோட்டுல ஒரு மறியல், பள்ளிக்கூடத்துல ஒரு மறியலா?" என்றார் ஆசிரியரிடம். "புள்ளைங்க சேந்தாத்தான் ஆறாவது. இங்க ஊரே வேணாங்குது. கேக்கற ஊரு எவ்ளோ இருக்கு, அங்க குடுத்துடறேன்."

சைக்கிளைத் திருப்பினார். ஆசிரியர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சினார். அது யாருக்கும் கேட்கவில்லை. சுவரோரம் நின்ற எனக்கும் என் மகளுக்கும் மட்டும் ஆபீசர் சொன்ன அந்த ஒரு வார்த்தை கேட்டது. ஆறாவது. மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். களைக்கொத்தைப் பார்ப்பாளே, அதே பார்வை.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்தச் சத்தத்தில் நல்ல தொண்டை உள்ளவன் கத்தினாலும் எடுபட்டிருக்காது. சத்துணவு அடுப்பில் அணைந்த கரி கிடந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். நான் போன பழைய கதவு வழியாகத்தான். ஐந்துக்குப் பக்கத்தில் அந்த வெறுஞ்சுவர் அப்படியே இருந்தது. அதில் 6 என்று எழுதினேன். அவ்வளவு பெரிதாக நான் எதையும் எழுதினதில்லை. பழகாத கை, 6-இன் வயிறு பானைபோல உப்பிக்கொண்டது. மகள் நான் சொல்லாமலே அதற்குக் கீழே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பை இல்லை, பலகை இல்லை, பாடம் கேட்கிறவள்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

மாமாவோடு சண்டை போட்ட பெண்தான் முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏ, இங்க பாருங்கடி! ஆறாப்பு!"

"இன்னாது?"

"ஆறாப்பு வருதாம்டி! சாதியும் இல்ல கீதியும் இல்ல, ஆறாப்பு!"

அந்தச் சொல் கூட்டத்தில் ஓடின வேகத்தை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கோஷம் பாதியில் உடைந்து சிரிப்பாகப் போனது. எல்லாரும் தலையாரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ், ஆறாப்புன்னு சொன்னா வாயி வலிக்குதா உனுக்கு?"

"வாத்தியாரு மேல் வகுப்புன்னாரு. சர்க்காரு வார்த்தைய நான் மாத்தலாமா?"

மாமா தன் மகள் முதுகில் கை வைத்தார். "போ, போய் உக்காரு. ஆறாப்புன்னா மேலயே போடட்டும்" என்றார். அவளைப் பார்த்து இன்னொருத்தி உள்ளே போனாள். பிள்ளைகள்தான் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார்களே! ஒவ்வொருவராக வந்து 6க்குக் கீழே உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. வரிசை சுவர் முடிந்து, கதவைத் தாண்டி, வெளியே வேப்பமரம் வரைக்கும் போனது. களை வெட்டப் போன பெண்கள், ஆட்டுக்காரப் பையன்கள், மலைப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நான் தூண் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தலையாரி ஒழுங்காக ஆறாப்பு என்று சொல்லியிருந்தால் இதில் கால்வாசிப் பிள்ளைகள்கூட வந்திருக்க மாட்டார்கள்.

ஆபீசர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். மலையிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளையிடம், "நீ இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. எல்லாரும் உக்காந்தாங்க, நானும் உக்காந்தேன்."

ஆபீசர் சிரித்தார். சட்டையிலிருந்த புளிய இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நாற்காலி கேட்டார். அப்போதுதான் தலைமை ஆசிரியர் மூச்சு விட்டார்.

அதற்கு அப்புறம் ஒருநாள் ஆசிரியர் என்னிடம் சொன்னார், நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எட்டாவது வரைக்குமாவது படிக்க வேண்டும் என்று டில்லியில் பேசுகிறார்களாம், அதனால்தான் ஊர் ஊராக வகுப்பைக் கூட்டுகிறார்களாம். வயலுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரைக் கண்ணால் பார்க்காத யாரோ, அந்த வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது எனக்கு.

பள்ளிக்கூடம் திறந்து ஆறாப்புக்கென்று ஒரு புது ஆசிரியர் வந்தார். ஒரு சாயங்காலம் மகள் ஓடி வந்தாள். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"யப்பா, மரவள்ளி நம்மூருது இல்லியாம்ப்பா. கடலுக்கு அந்தாண்ட இருந்து கப்பல்ல வந்துச்சாம்."

"எவன் சொன்னான்?" என்றாள் மனைவி.

"ஆறாப்பு சாரு."

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தக் குச்சியைத்தான் வெட்டி நட்டுக்கொண்டிருக்கிறேன். அது எங்கள் மண்ணோடு பிறந்தது என்றே நினைத்திருந்தேன். மனைவி வெந்த கிழங்கு ஒன்றை எடுத்து, சூடு ஆற ஊதி, கையில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோலப் பார்த்தாள். "கப்பல்லயா?" என்றாள் மெதுவாக. மறுநாள் கூரை வாரையிலிருந்த சின்னக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவளே களைக்குப் போனாள். பிடி கைக்குப் பத்தவில்லை என்று வந்து முணுமுணுத்தாள். மகளை வா என்று கூப்பிடவில்லை.

அடுத்த கோடையில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எண் எழுதுகிறவர் ஏணியில் நின்றிருந்தார். கீழே தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் நின்றிருந்தார்கள். மரவள்ளிக் குச்சிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தவன் ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கரி 6 போய், காவி 6 வந்திருந்தது. எண் எழுதுகிறவர் கதவு வரைக்கும் கையால் சாண் போட்டு அளந்தார்.

"நெருக்கி எழுதனா இன்னும் ரெண்டு நம்பரு கொள்ளுங்க. இன்னா சொல்றீங்க?" என்று கீழே பார்த்துக் கேட்டார்.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நெருக்கியே எழுதுங்க" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து சொன்னேன்.