மருந்து பெட்டிக்குள், நான் விமானத்துக்குள்

விமானத்தின் கதவைப் பூட்டிய பிறகுதான் என் மருந்து எங்கே இருக்கிறது என்று எனக்கு நினைவு வந்தது. இதைச் சபையாருக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை மூடி வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

எனக்கு ஊர் மாங்கேணி. என் கணவருக்கு மீன்பிடித் தொழில். ஒரே மகள், கட்டாரில் மருமகனோடு இருக்கிறாள். அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது. கடந்த மாரியில் இரண்டாவது பிள்ளைக்கு நாள் நெருங்கியபோது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா, நீங்க பக்கத்தில இரிந்தாத்தான் நான் உள்ளுக்குப் போவன்" என்று மகள் ஃபோனில் அழுதாள். என் விசா இழுபட்டு இழுபட்டுக் கடைசி நேரத்தில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் விமானம். சனிக்கிழமை காலை ஆபரேஷன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் பேசவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாயில் வைத்து இழுக்கிற பம்ப் இல்லாமல் நான் சந்தைக்குக்கூடப் போவதில்லை. அப்படிப்பட்டவள் அதைப் பெட்டிக்குள் போட்ட கதையைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோணியில் வாவியைக் கடந்தாலும் சரி, சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடினாலும் சரி, முக்கியமான சாமானைப் பொலித்தீனில் சுற்றி மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டுவோம். சுற்றிவர உடுப்பு இருப்பதால் தண்ணீர் படாது, தவறி விழாது. தோணியில் அந்த மூட்டை எங்கள் காலடியில்தான் கிடக்கும். வேண்டிய நேரம் அவிழ்க்கலாம். விமானத்தில் பெட்டியை முதலிலேயே வாங்கிக்கொண்டு, இறங்கும்வரை கண்ணில் காட்டமாட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது? பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும்படி மருமகன் பத்துத் தரம் சொல்லியிருந்தார். அதை மட்டும் கையில் வைத்தேன். பம்பையும் மாத்திரைகளையும், மகளுக்குப் பிள்ளை பெற்ற பிறகு கொடுக்கிற சரக்குத்தூளோடும் கருவாட்டோடும் சேர்த்து, பெட்டியின் நடுவில் இறுக்கிக் கட்டினேன்.

என் கணவர் பார்த்துவிட்டு, "நல்லாக் கட்டியிரிக்காய். கடலுக்குள்ள விழுந்தாலும் நனையாது" என்று பகிடி பண்ணினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

விமான நிலைய வாசலோடு அவர் நின்றுவிட்டார். உள்ளே நான் தனி. பெட்டி ஒரு கறுப்புப் பட்டியில் ஏறிப் போய் மறைந்தது. நான் போய் இருக்கும் இடத்துக்கு அதுவும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். சிரிக்காதீர்கள்.

எனக்கு ஜன்னலோர ஆசனம். பக்கத்தில் ஓட்டமாவடியைச் சேர்ந்த நசீமா என்ற பெண். கட்டாரில் வீட்டு வேலை செய்கிறவள், லீவு முடிந்து திரும்பிப் போகிறாள். அவள்தான் என் வயிற்றுப் பட்டியைப் பூட்டிவிட்டாள். அதற்கு அப்பால் ஒரு பெரிய ஆள், ஏறியதுமே நித்திரை. விமானம் கொஞ்சத் தூரம் உருண்டது. பிறகு மழை பிடித்தது, மின்னல் வெட்டியது. விமானம் அப்படியே நின்றுவிட்டது.

அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. உள்ளே புழுக்கம். கண்ணாடியில் மழை அடிக்கிறது, ஆனால் ஒரு விரல் அளவு காற்றுக்கூட உள்ளே வராது. காற்றிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, மூடின பானைக்குள் இருப்பதுபோல இருந்தது. நெஞ்சு இறுகத் தொடங்கியது. கை தானாகப் பம்பைத் தேடியது. கைப்பைக்குள் பாஸ்போர்ட் மட்டும் கிடந்தது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விமான நிலையத்துக்கு எங்களை ஏற்றி வந்த வான் சாரதி வழியில் ஒரு கதை சொல்லியிருந்தார். "வருத்தம் எண்டு தெரிஞ்சா இறக்கிப் போடுவாங்க. பிறகு எப்ப ஏத்துவாங்களோ தெரியாது." அந்தக் கதைதான் என் வாயைக் கட்டிப் போட்டது. சொன்னால் இறக்கிவிடுவார்கள், மகள் தனியாகப் போவாள். சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் அடைப்பு. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, இழுக்கிற சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஜெபக்கூட்டத்தில் நான் ஜெபிக்கத் தொடங்கினால் நீங்கள் மணிக்கூட்டைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு வசனமும் வரவில்லை. "ஆண்டவரே, ஒண்டில் பறக்க விடும், இல்லாட்டி மழைய நிப்பாட்டும். இப்பிடி நடுவில வச்சிராதயும்." அவ்வளவுதான் மனதுக்குள் சொன்னேன். விமானம் பறக்கவில்லை. மழையும் நிற்கவில்லை. கண் இருண்டுகொண்டு வந்தது.

எனக்கு ஒரு குரல் கேட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு எண்ணம் தெளிவாக வந்தது: வாயைத் திற. வீட்டில் எல்லாரையும் வாய் ஓயாமல் ஏசுகிறவள் நான். உதவி கேட்க மட்டும் எனக்கு வாய் வராது. அன்றைக்குத் திறந்தேன். நசீமாவின் கையைப் பிடித்து, "தங்கச்சி, முட்டு... மருந்து பெட்டிக்குள்ள..." என்றேன்.

"அல்லாவே, ஏன்கா இவ்வளவு நேரமும் சொல்லல்ல?" என்று ஏசிக்கொண்டே தலைக்கு மேலே இருந்த பொத்தானை அமத்தினாள். பணிப்பெண் ஓடி வந்தாள். ஒலிபெருக்கியில் டாக்டர் யாரும் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்களுக்கு நான்கு வரிசை பின்னால் ஒரு சிங்கள டாக்டர் ஐயா இருந்தார். அவர் வந்து விமானத்தின் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் என்னுடையதைப் போன்ற நீலப் பம்ப்தான். இழுத்தேன். முகத்தில் ஒட்சிசனும் வைத்தார்கள்.

"அக்கா, உங்கள இறக்குறதா எண்டு டாக்டரிட்டக் கேக்காங்க" என்றாள் நசீமா. அவளிடம் மகளின் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். அவள் அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். மழையும் விடவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, பயம் வேணாம். போகலாம்" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார். தானே எங்கள் வரிசைக்கு வந்து இருந்துகொள்வதாகவும் சொன்னார். நித்திரையால் எழும்பின அந்தப் பெரிய ஆள் பின் வரிசைக்கு மாறிப் போனார்.

நான் நிறுத்தச் சொல்லி ஜெபித்த அந்த மழைதான் என் மூச்சு சரியாகும்வரை விமானத்தைப் பிடித்து வைத்திருந்தது. "அந்தப் புழுக்கத்தாலதானே முட்டே வந்தது" என்று என் கணவர் வாதாடுகிறார். வாதாடட்டும். உள்ளே இருந்தவள் நான்.

விமானம் ஏறும்போது காது அடைத்தது. நசீமா ஒரு டொபி தந்து, எச்சிலை விழுங்கச் சொன்னாள். காது திறந்தது. அவளுக்காக நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

சனிக்கிழமை காலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் அறையின் கதவு வரைக்கும் போனேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பேத்தியை என் கையில் தந்தார்கள். நல்ல மூச்சோடு அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன்.

முதல் தரம் விமானம் ஏறப் போகிறவர்களே, மருந்தையும் டாக்டர் எழுதித் தந்த துண்டையும் கைப்பையில் வையுங்கள். வருத்தம் இருந்தால் ஏறுமுன்னே சொல்லுங்கள். தலைக்கு மேலே ஆள் படம் போட்ட பொத்தான் இருக்கும், அதை அமத்த வெட்கப்படாதீர்கள். என் பம்ப் இப்போது ஒரு சின்னத் துணிப்பையில் என் கழுத்தில் தொங்குகிறது. அயலவரிடம் உதவி கேட்கவும் பழகி வருகிறேன்.

ஆண்டவரையும் நான் அன்றைக்குப் பம்பைக் கட்டினதுபோலத்தான் பத்திரமாக எங்கேயோ நடுவில் கட்டி வைத்திருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கதவு பூட்டுமுன்னே அவரைக் கூப்பிடுங்கள். பூட்டிய பிறகுதான் நினைவு வந்தது என்றாலும் கூப்பிடுங்கள். நான் பூட்டிய பிறகுதான் கூப்பிட்டேன்.