சின்ன மாப்பிள்ளை சொன்ன கோளாறு

ரேம் மெமரி கார்டின் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, அதை விரல்கள் மறுபடி செருகின. பொத்தானை அழுத்தியதும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. பவர் சப்ளையை மாற்றியும் அதே கதைதான். தன் மாமனாரின் கம்ப்யூட்டரோடு மெக்கானிக் இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறார். கோளாறு எதில் இருந்தாலும் சரி, மதர்போர்டில் மட்டும் இருக்கக் கூடாது. ஏனென்றால் மதர்போர்டுதான் என்று சொன்னவன் சகலை, அந்த வீட்டுச் சின்ன மாப்பிள்ளை. அவனுக்கும் இதே தொழில்தான். பெட்டியைத் திறக்காமல், கடை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். மாமனாருக்கு அவன் சொல்வதுதான் வேதவாக்கு.

கடைசியில் விளக்கைச் சாய்த்துப் போர்டைப் பார்த்தார். மூன்று கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. போர்டேதான் பழுது; சகலை சொன்னது பலித்துவிட்டது.

புதுப் போர்டைத் திருகி, ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினார். திரை பளிச்சென்று எரிந்தது.

"என்ன கோளாறு மாப்ளே?" என்று மாமனார் வந்து நின்றார்.

பவர் சப்ளை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"போர்டுதான் மாமா."

"பாத்தீங்களா! சின்ன மாப்ளே அன்னைக்கே சொன்னாரே!"

"சொன்னாரு, சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. மாத்துனது நான்தான் மாமா" என்று ஒயர்களைக் கழற்றி, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.