கவுன்சிலர் டொலறஸ்

டொலறஸ் அக்காவும் நானும் லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் லோண்டரியில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். எண்பத்துநான்கில் கணவர் கஸ்பரோடு மன்னாரிலிருந்து வந்தவர். நகரசபைக் கவுன்சிலின் மாடிக்கட்டடத்தில் ஏழாம் மாடியில் வீடு. அங்கே தமிழ்க் குடும்பங்களின் கதவில் தபால் போடும் துவாரத்துக்குள் நிறவெறியர்கள் மலத்தைத் தள்ளுவார்கள், சில நாள் எரியும் கந்தையை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அக்கா கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்துச் சேர்த்து, எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடங்களுக்கும் காவலாட்களை வாங்கித் தந்தார்.

அதைப் பார்த்துத்தான் ஒரு கட்சி அவரைக் கவுன்சில் தேர்தலில் நிறுத்தியது. தொண்ணூறில் நாற்பத்தொரு வாக்கால் வென்றார். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து வழக்கம்போலப் படுக்கை விரிப்பு மடித்தார்.

இரண்டு வருடம் கழித்து, செலவைக் குறைக்கக் காவலாட்களை நிறுத்தக் கட்சி முடிவெடுத்தது.

"என்ன செய்யப் போறியள் அக்கா?" என்று கேட்டேன்.

"இந்த முறை கட்சியோட நிண்டால் அடுத்த வருசம் திருப்பித் தருவினமாம்."

"நம்புறியளோ?"

அக்கா கட்சியோடு சேர்ந்து சபையில் கை தூக்கினார்.

காவலாட்கள் போன ஒன்பதாம் கிழமை, பட்டப்பகலில், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு வீட்டுத் துவாரத்தால் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்த வீட்டு இராஜேந்திரன் வேலையில் நின்றார். மனைவி சிவமலரும் மூன்று வயதுப் பிள்ளையும் உள்ளே.

செத்தவீட்டுக்கு வந்த கவுன்சிலர்கள், காவலாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இராஜேந்திரன் அக்காவிடம் நேரே வந்தார்.

"காவலாளை நிப்பாட்ட நீங்களும் கை தூக்கினனீங்களோ?"

கஸ்பர் அண்ணை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஓம் தம்பி. தூக்கினனான்."

இராஜேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த வருடம், காவலாட்களைத் திருப்பிக் கேட்டு அக்கா தனியே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். சொல்லி வைத்திருந்த இரண்டு பேரும் குனிந்து கடதாசி பார்த்தார்கள். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. கட்சி அவரை விலக்கியது.

தொண்ணூற்றுநான்கில் சுயேச்சையாக நின்றார். வேட்புமனுவுக்குப் பத்துக் கையெழுத்து வேண்டும். கட்சியைப் பகைக்கச் சனம் பயந்தது. ஒன்பதுதான் கிடைத்தது. கடைசி நாள் லோண்டரி வாசலில் இராஜேந்திரன் நின்றார்.

"உங்களை மன்னிக்க என்னால ஏலாது அக்கா. ஆனா அண்டைக்கு எல்லாரும் மழுப்பேக்கை நீங்கள் ஒராள்தான் உண்மை சொன்னியள். கையெழுத்தை எங்க வைக்கிறது?"

அக்கா படிவத்தை விரித்து விரலால் இடம் காட்டினார்.

தொண்ணூற்றேழு வாக்குத்தான் விழுந்தது. திங்கட்கிழமை மறுபடியும் ஆறு மணி ஷிப்ட்.

காவலாட்கள் தொண்ணூற்றேழாம் ஆண்டு திரும்ப வந்தார்கள். அக்கா அதற்கு முந்தின மாரிக்குளிரிலேயே புற்றுநோயில் போய்விட்டார். கஸ்பர் அண்ணை வீட்டைக் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டு வால்தம்ஸ்டோவில் ஒற்றை அறைக்குப் போனார்.