பனிக்குள் கொப்பு முறித்தவர்

செய்தி வந்தபோது நான் வேலை செய்கிற இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் மேசை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் என் மகள் மெற்றில்டா. அழுகைக்கு நடுவே, “அம்மா, மாமா போயிட்டார்” என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, “எந்த மலையிலை?” என்பதுதான்.

“மலையிலை இல்லையம்மா. சலூனிலை.”

பலெர்மோவின் கால்சாப் பகுதியில் அவர் வழமையாகப் போகிற சவரக்கடை. ஒரு கன்னம் வழித்து முடிந்த நேரத்தில் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம். நித்திரை என்றுதான் கடைக்காரர் நினைத்தாராம். அரைச் சவரத்தோடு அனுப்ப மனம் வராமல், மற்றக் கன்னத்தையும் வழித்த பிறகுதான் அந்த மனிதர் அம்புலன்சில் ஏற்ற விட்டிருக்கிறார். “பனிக்குள்ளை விறைச்சுத்தான் சாகப்போறியள்” என்று நான் வருடக்கணக்காகச் சொல்லி வந்தேன். அவரோ வெயில் அடித்த ஒரு காலையில், சூடான துவாய் கழுத்தில் கிடக்க, வாசனையாகப் போய்ச் சேர்ந்தார். கடைசியிலும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுத்தான் போனார்.

சந்தியாப்பிள்ளை அண்ணை என் சம்மந்தி. என் மகளைக் கட்டிய ஜெரோமின் தகப்பன். சாதாரணமாக அவரை நான் ‘அண்ணை’ என்பேன். கோபம் வந்தால் ‘சம்மந்தி’ என்பேன். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், நான் அதிகம் சொன்னது எது என்று. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டுமென்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். “நல்லதாய் நாலு வார்த்தை எழுதுங்கோ மாமி” என்றான் ஜெரோம். நல்லது எழுதப் பங்குச் சபையில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

மடுக் காட்டோரம் பிறந்தவர் அவர். ஊரில் மானும் மரையும் வேட்டையாடிய கை. இங்கே வந்து கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீடொன்றில், வயதான ஓர் இஞ்சினியரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அந்த இஞ்சினியருக்கு இத்தாலியின் வடக்கே, பனிமலை அடிவாரத்தில் பரம்பரை வீடு. அவருக்கும் வேட்டைப் பைத்தியம். ஆனால் முழங்கால் போய்விட்டது. இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது யார் செய்த பாவமோ தெரியாது. வருடா வருடம் குளிர் தொடங்க இரண்டு பேரும் வடக்கே ரயில் ஏறுவார்கள். அவர் அடுப்படியில் இருந்துகொண்டு வழி சொல்வார், இவர் துவக்கோடு தனியே மலை ஏறுவார்.

அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், பத்திரத்துக்குப் பரீட்சை வேண்டும். நாங்கள் எல்லோரும் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் விடியமுதல் நின்று காய்ந்த காலம் அது. இந்த மனிதர் வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போதும் இத்தாலியப் பறவைகளின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டு திரிந்தார். முதல் தடவை தவறவிட்டார். எப்போது சுடக் கூடாது என்று கேட்டார்களாம். “மிருகம் தண்ணி குடிக்கேக்கை சுடேலாது” என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு சட்டம் தங்கள் புத்தகத்தில் இல்லை என்றார்களாம்.

“அப்ப அவங்கடை புத்தகத்தைப் படிச்செல்லோ போயிருக்க வேணும்?” என்றேன்.

“படிச்சனான் தங்கச்சி. புத்தகம் பிழை.”

இரண்டாம் தடவை தேறினார். கோவிலில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். கார் ஓட்டப் பழகுங்கோ, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விடலாம் என்று மெற்றில்டா கெஞ்சினாள். அதற்குப் பரீட்சை எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒருமுறை சியாகுல்லித் தோட்டத்தில் மன்டரின் தோடம்பழம் பிடுங்கும் நாட்களில் நாங்கள் எல்லோரும் கூலிக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம் அவரிடம் நேரே கேட்டேன். “தனியப் போய் அப்பிடி என்னதான் செய்யிறியள்? துணைக்கு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?”

“கூட்டமாய்ப் போனால் சத்தத்தைத்தான் சுட்டுக்கொண்டு வரலாம்” என்றார். பிறகு தோடம்பழத் தோலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, “அங்கை போனால்தான் தங்கச்சி, ஒருத்தரும் கடதாசி கேக்கமாட்டினம்” என்றார்.

“ஏன் கேக்கமாட்டினம்? துவக்குக்குக் கடதாசி, தோட்டாவுக்குக் கடதாசி, சுடுற மானுக்கும் கடதாசி. நாங்கள் சும்மா இருக்கிறதுக்கு ஒரு கடதாசிதான்!”

தோட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த கிழமையே ரயில் ஏறினார்.

அவர் கொண்டுவரும் இறைச்சியை நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். வேட்டை இறைச்சியை விற்கக் கூடாது, பங்குதான் வைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதை இஞ்சையும் விடவில்லை. வீட்டுக்கு ஒரு பங்கு. மேல்மாடிச் சைவசமயக் குடும்பம் வெள்ளிக்கிழமை தொடாது என்று அவர்களுக்குச் சனிக்கிழமை. துவக்குக்கு ஒரு பங்கு, அது இஞ்சினியருக்கு. ஊரில் வேட்டை நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. பலெர்மோவில் அவரிடம் நாய் இல்லை. அந்தப் பங்கை ஒவ்வொரு வருடமும் சபை நடுவே என் கையில் தருவார்.

“மணந்து பிடிக்கிற வேலை இஞ்சை தங்கச்சிதானே பாக்கிறது.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நத்தார்ப் பண்டிகை நெருங்கிய ஒரு நாள் வடக்கேயிருந்து இஞ்சினியர் தொலைபேசியில் கூப்பிட்டார். சந்தியாப்பிள்ளை முதல் நாள் காலை மலைக்குப் போனவர், இரவு திரும்பவில்லை, பனி கொட்டுகிறது, தேடப் போயிருக்கிறார்கள். பேரனின் ஞானஸ்நானம் அடுத்த ஞாயிறு. மெற்றில்டா பிள்ளையை மடியில் போட்டபடி அப்படியே இருந்துவிட்டாள். ஜெரோம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குசினிக்குள் போய், யன்னலால் தெரிகிற, புனிதையின் குகைக் கோவில் இருக்கிற பெல்லெகிரினோ மலையைப் பார்த்து நேர்த்தி வைத்தேன். “சாந்தா ரொசாலியா அம்மா, இந்த மனிசனை உயிரோடை தா. ரெண்டு பேரும் வெறுங்காலோடை உன்ரை மலை ஏறி வாறம்.” ரெண்டு பேரும் என்றுதான் சொன்னேன். அவரிடம் கேட்காமல் அவருடைய காலையும் சேர்த்து நேர்ந்துவிட்டேன். அவர் போன அலங்கோலத்துக்கு என் கால் மட்டும் ஏன் நோக வேண்டும்?

மாலையில் ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னார்கள். ஆனால் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. இஞ்சினியருக்குக் கடும் காய்ச்சல், விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். பேரனின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அப்பப்பன் இடம் வெறுமையாகக் கிடந்தது. வருடம் பிறந்து எத்தனையோ நாள் கழித்து, இறைச்சிப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

“நான் எங்கை தங்கச்சி துலைஞ்சனான்? மான் பெரிசு. ஒரேயடியாய்ச் சுமக்கேலாது எண்டு மேலையே பரண் கட்டி இறைச்சியை வாட்டிக்கொண்டிருந்தன். புகையைக் கண்டிட்டு, ஆள் உதவி கேக்குது எண்டு இவங்கள் நாயும் தூக்குக் கட்டிலுமாய் ஏறி வந்திட்டாங்கள்!”

எங்கள் காட்டில் அடித்த இறைச்சி மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். அங்கேயே பரண் கட்டிப் புகையில் வாட்டித்தான் கொண்டுவருவார்கள். அதைப் பனி மலையில் போய்ச் செய்திருக்கிறார். “மலை முழுக்கக் குளிர்ப்பெட்டி. அதுக்குள்ளை நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டின ஒரே ஆள் நீங்கள்தான் சம்மந்தி” என்றேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. சமையல் செய்துகொண்டிருந்த ஒரு மனிதருக்காக நான் மலை நேர்ந்திருக்கிறேன்!

நேர்த்தியைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். “வெறுங்காலோடையோ? சப்பாத்தோடை எண்டால் வாறன்.”

“சப்பாத்தோடை போறதுக்குப் பேர் நேர்த்தியில்லை, உலாத்து.”

வரவில்லை. நான் தனியே ஏறினேன். கல் பதித்த பழைய பாதை. குதிக்கால் வெடித்து இரத்தம் வந்தது. மேலே குகைக் கோவில் வாசலுக்குப் போனால், அங்கே ஒரு மனிதர் வாங்கில் குந்தியிருக்கிறார். பளபளவென்று மினுக்கிய சப்பாத்து. பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தல், மடியில், மலையடியில் நான் கழற்றிவிட்டு வந்த என்னுடைய செருப்புச் சோடி. பஸ்சில் வந்திருக்கிறார்.

“செருப்பைப் போடுங்கோ தங்கச்சி. கால் பாக்கேலாமல் கிடக்கு.”

ஒரு செருப்பைக் காலில் போட்டேன். மற்றதை அவர் மேல் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்து, தூசி தட்டி, திரும்பவும் காலடியில் வைத்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அன்றைக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை.

அதன் பிறகு வருடா வருடம் நினைவூட்டினேன். அரை நேர்த்தி நிற்கிறது, அது உங்கள் தலைக்குத்தான் ஆபத்து என்று சொன்னேன். எனக்கு அது விளையாட்டில்லை. அவர் ரயில் ஏறும் ஒவ்வொரு முறையும், அந்தப் பாதி நேர்த்தி அவர் பின்னால் போவது மாதிரி இருக்கும். திரும்பி வரும்வரை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. அவரோ ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு வைத்திருந்தார். மொந்தெல்லோக் கடற்கரையில் பேரப்பிள்ளைகள் தண்ணீருக்குள் இழுத்தாலும் சப்பாத்தைக் கழற்றமாட்டார். பெரிய துரை, வெறுங்காலைக் காட்டினால் மதிப்புப் போய்விடும் என்று நான் எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சப்பாத்து நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுவார்.

சவப்பெட்டிக்குள் வைக்கத் தகப்பனுக்கு உடுப்பு மாற்றிவிட்டு வந்த ஜெரோம், என் பக்கத்தில் வந்து இருந்தான்.

“மாமி, அப்பாவின்ரை இடக் காலிலை மூண்டு விரல் இல்லை. உங்களுக்குத் தெரியுமோ?”

அடக்கத்துக்கு வடக்கேயிருந்து ரெனாத்தோ என்ற மனிதர் வந்திருந்தார். அன்றைக்கு மலையில் தேடிப் போனவர்களில் ஒருவர். அவரைக் குசினியில் இருத்திக் கேட்டேன். மெற்றில்டா மொழிபெயர்த்தாள்.

காயம் பட்டு ஓடிய மானை விட்டுவிட்டு வரக் கூடாது என்று அண்ணை அதன் பின்னால் போயிருக்கிறார். போகிற வழியெல்லாம், எங்கள் காட்டில் செய்கிற மாதிரி, திரும்பி வர அடையாளமாக மரக்கொப்பு முறித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் ஊரில் முறிக்கிற முழங்கால் உயரத்தில். மானைக் கண்டுபிடித்து, முடித்து, திரும்பிப் பார்த்தால் ஒரு கொப்பும் இல்லை. பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. தேடி அலைந்து ஒரு பள்ளத்துக்குள் வழுக்கி விழுந்து, சப்பாத்துக்குள் தண்ணீர் போய், இரவு முழுக்க ஈர விறகோடு போராடியிருக்கிறார். பரண் கட்டியதும் இறைச்சி வாட்டியதும் உண்மைதான். தேடிப் போனவர்களுக்கும் ஒரு துண்டு கொடுத்தாராம். ஆனால் அவர்களைக் கண்டதும் பிள்ளை மாதிரி அழுதாராம். விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இஞ்சினியருக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

“ஒண்டு மட்டும் எங்களிட்டைக் கெஞ்சிக் கேட்டவர்” என்றார் ரெனாத்தோ. “பலெர்மோவிலை ஒரு சம்மந்தி இருக்கிறா. அவவுக்குத் தெரிஞ்சால் இனி என்னை மலைக்குப் போக விடமாட்டா. அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு.”

நான் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். செத்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நாய்ப் பங்கைக் கையில் தந்துவிட்டு, மணந்து பிடிக்க முடியாதபடி காலை மூடிவைத்திருந்திருக்கிறார். நான் ‘துரை’ என்று ஏசியதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த மூன்று விரல் இல்லாத காலோடு அடுத்த வருடமும் தனியேதான் ஏறினாராம். இதை எல்லாம் நான் மன்னிக்கவில்லை. மலரில் அச்சடிக்கட்டும். மன்னிக்கவில்லை. ஆனால் அன்று ரொசாலியா அம்மாவிடம் நான் கேட்டது சமையல்காரருக்காக அல்ல, சாகக் கிடந்த ஒருவருக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. என் குதிக்கால் வெடித்தது வீணில்லை.

அவருடைய தொப்பி ஜெரோமுக்கு, தொலைநோக்குக் கண்ணாடி பேரனுக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருடைய கொப்பு முறிக்கிற பழக்கம் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிய, மிச்ச நேர்த்திக்கு நான் பெல்லெகிரினோ மலை ஏறுகிறேன், வெறுங்காலோடு. பாதை ஓரம் கொப்பு முறித்து வைத்துக்கொண்டு போவேன். முழங்கால் உயரத்தில் அல்ல. கை எட்டுகிற மட்டும் மேலே. அந்த மலையில் பனி விழாது. ஆனாலும் இந்த மனிதரை நம்பேலாது.

பாத்து, பின்னாலை வாங்கோ அண்ணை. சப்பாத்தோடையே வாங்கோ.