மில்லுக்கு நல்லதாகப் போயிற்று

பகல் பன்னிரண்டு மணிக்கு என் கை நடுங்கத் தொடங்கும். மாத்திரை உள்ளே போனால் நிற்கும். முதலில் அதைப் பசி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

செஞ்சியில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது, லாரி காத்திருந்தது. மேஸ்திரி ஒரு மாத்திரை கொடுத்தார். "போட்டுக்கடா ஏழுமல, வலியே தெரியாது." தெரியவில்லை. பிறகு தினமும் அவரிடமே வாங்கிப் போட்டேன். இரண்டு வருடத்தில் அது இல்லாமல் எழுந்திருக்க முடியாமல் போயிற்று.

மில்லில் இரண்டு விபத்துகள் நடந்தன. முதலாளி போதையில்லா வேலையிடத் திட்டம் கொண்டுவந்தார். மாதந்தோறும் சிறுநீர்ப் பரிசோதனை. முன்பே ஒப்புக்கொண்டால் சிகிச்சைக்குப் பின் வேலை உண்டு, மாட்டினால் கிடையாது.

"சொல்லிடுய்யா," என்றாள் என் மனைவி செல்வி. "புள்ளைங்க பேரயே மாத்தி மாத்திக் கூப்புடற."

சொன்னேன். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"இது ஓபியாய்டு (மூளையை மரக்கவைத்து வலியை மறைக்கும் மருந்து)," என்றார் டாக்டரம்மா. "வீட்ல நீங்களா நிறுத்திடக் கூடாது. இனிமே மூட்டை தூக்கவும் கூடாது."

பின்விலகல் (மருந்து குறையும்போது உடல் காட்டும் எதிர்ப்பு) பல நாள் நீடித்தது. படுக்கையிலேயே எல்லாம் போனது. துணி மாற்ற வந்த செல்வியை அறைந்தேன். உதடு கிழிந்தது. இப்போதும் நான் தலைவாரக் கை தூக்கினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மில்லுக்குத் திரும்பி வந்ததும் பரிசோதனைப் பாட்டிலை நீட்டியவர் அதே மேஸ்திரி.

முதலாளியிடம் போனேன். "மாத்திர குடுத்துப் பழக்குனதே அவருதான் மொதலாளி."

"தெரியும். அவன் இல்லன்னா லோடு ஏறாது. நீ வாய மூடிக்கினு இரு."

அடுத்த வாரம் மற்ற மில்காரர்களைக் கூப்பிட்டு, எங்களையும் உட்காரவைத்துப் பேசினார். "இப்ப ஆக்சிடெண்ட் இல்ல. மேல்மலையனூர் கோயில் அமாவாசைத் திருவிழாவுக்கு மறுநாள்கூட ஆளு வந்துடறான். புது ஆளப் புடிச்சுப் பழக்குற டென்ஷன் இல்ல. எல்லாம் நமக்குத்தான் லாபம்." பிறகு என்னைப் பார்த்தார். "டேய், எழுந்து நில்லு. இவன் மூத்திரத்த இப்ப தீர்த்தமா குடிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும். நான் நின்றேன். அந்தத் திட்டம் இல்லையென்றால் செத்திருப்பேன் என்பதும் உண்மை. அவருக்கு நன்றி சொல்லவும் செய்தேன்.

என்னைப் போல மாத்திரையில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே வந்தால் யாரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மூட்டைதான் தூக்குகிறேன். வேறு வேலை தரவில்லை. முன்பெல்லாம் ஒரு நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இப்போது ஒரு பிற்பகல் மிக நீளம். எலும்பு எலும்பாக முதுகின் வலி தெரிகிறது. இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று தடவிப் பார்க்கிறேன்.