மாமாவின் அறைக்குப் போன இரைச்சல்

அவள் ஒரு பெரிய துணிக்கடையில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள். "நீலச் சட்டை போட்ட குழந்தை ஒன்று கீழ்த்தளத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் வரவும்" என்று அவள் சொன்னால், பிள்ளையைத் தொலைக்காதவர்கள்கூடத் தங்கள் பிள்ளையின் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு குரல். கடை முதலாளி அந்தக் குரலை ஒருநாள் முழுக்கப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகும் அந்தக் கடையில் அவள் குரல் குழந்தைகளின் பெற்றோரைத் தேடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் அவளுக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். வைத்தவன் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்; அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளை இறக்கி வைப்பது அவன் பிழைப்பு. கடை வேலை போன சில மாதங்களில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவளை நாவல் வாசிக்கக் கூப்பிட்டது. வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினால் போதும் என்றார்கள். பழைய பெட்டிகள் கிடந்த சின்ன அறையை ஒழித்து, மேசை போட்டு, பழைய கம்ப்யூட்டரை வைத்தாள்.

முதல் அத்தியாயம் போன வேகத்திலேயே திரும்பி வந்தது. நிறுவனத்தில் அவளுடைய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் பெண், பதிப்பாசிரியர், போனில் சொன்னாள்: "குரல் நல்லா இருக்குங்க. ஆனா பின்னால யாரோ மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் ஓடிட்டே இருக்கு."

கம்ப்யூட்டர் ஃபேன்தான். அதுவரை அப்படியொரு சத்தம் வீட்டில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள். அடியில் ரப்பர் வைத்தாள். கம்பளியைப் போர்த்தினாள், சூடேறி, கதாநாயகி அழத் தொடங்கும் இடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. புது ஃபேன் மாட்டியும் இரைச்சல் பாதிதான் குறைந்தது. இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். அது இரைச்சலோடு குரலின் உயிரையும் உருவிக்கொண்டு போய்விட்டது. பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிறவள் மாதிரி இருந்தாள்.

கடைசியில் வழி சொன்னது கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்தான். "எதுக்கு இந்தப் பாடு? பெட்டிய தூக்கிப் பக்கத்து ரூம்ல வைங்க. சுவத்துல ஓட்டை போட்டு வயரை மட்டும் இந்தப் பக்கம் இழுங்க. இங்க திரையும் மைக்கும் இருந்தாப் போதும்."

பக்கத்து அறை மாமாவுடையது.

மாமா, அவள் கணவனின் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எல்லா வார்த்தையும் போய் ஒரே ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் தங்கிவிட்டது: "சரி." பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. அதை எப்படி இழுக்கிறார், எங்கே அழுத்துகிறார் என்பதை வைத்து அவள்தான் அர்த்தம் பிரிப்பாள். அவர் பெற்ற பிள்ளைக்கே பல நேரம் அது பிடிபடாது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றாள் அவள்.

"அவருக்குப் பக்கத்துல எஞ்சின் ஓடினாதான் தூக்கமே வரும். சந்தோஷப்படுவாரு பாரு" என்றான் கணவன்.

கேட்கத்தான் கேட்டாள். "மாமா, கம்ப்யூட்டரை உங்க ரூம்ல வச்சுக்கட்டுமா? கொஞ்சம் சத்தம் வரும்."

"சரி" என்றார். இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அதில் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

கணவன் சுவரைத் துளைத்து வயர்களை இழுத்தான். துளையின் மிச்ச இடத்தைப் பஞ்சு வைத்து அடைத்தான். அவள் பழைய மெத்தைகளைச் சுவர் முழுக்க நிறுத்தினாள். கதவைச் சாத்தியதும் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் மாமா கரண்டியால் சுவரைத் தட்டுவார். மெத்தைக்குப் பின்னால் அது கேட்காது. அதற்கும் கணவன் ஒரு ஏற்பாடு செய்தான்: மாமாவின் இடது கைக்கு எட்டும்படி ஒரு சுவிட்ச்; அமுக்கினால் அவள் மேசையில் சிவப்பு பல்ப் எரியும். லிஃப்ட்காரன் மூளை. கம்ப்யூட்டர் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் வைத்தான், அவள் வாசிப்பது மாமாவுக்கும் கேட்கட்டும் என்று.

மாமா கேட்டார். சாப்பாடு கொண்டுபோகும்போது ஸ்பீக்கரைக் காட்டி, "சரி?" என்பார். அடுத்தது எப்போது என்று அர்த்தம். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. கதையில் வில்லன் வரும் நாட்களில் கொஞ்சம் கூடுதலாகவே உறுமி வாசித்தாள்.

ஒருநாள் வாசிப்பு நன்றாகப் பிடித்துக்கொண்ட நேரத்தில் பல்ப் எரிந்தது. நிறுத்திவிட்டுப் போனாள். ஜன்னலைக் காட்டி "சரி" என்றார், சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி எரிந்தது. போர்வை நழுவியிருந்தது.

"என்ன மாமா, இப்பதானே வந்துட்டுப் போனேன். அப்பவே சொல்லக் கூடாதா?" என்றாள். கத்தவில்லை. ஆனால் துணிக்கடையில் கூட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குரல் அது. அதில் கொஞ்சம் சலிப்பு கலந்தாலே போதும், நன்றாகத் தைக்கும்.

"சரி" என்றார் மாமா, மெதுவாக.

அதற்குப் பிறகு பல்ப் எரிவது அபூர்வமாகிவிட்டது. "உங்கப்பா இப்ப தொந்தரவே பண்றதில்லங்க" என்று அவள் கணவனிடம் சொன்னாள், நல்ல சேதி சொல்வதுபோல.

இன்னொரு நாள் மதியம் படகுத்துறை அத்தியாயம். நீளமானது. எங்கும் தடுக்காமல், ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லாமல் வாசித்து முடித்தாள். அப்படி அமைவது லேசில் நடப்பதில்லை. பல்ப் எரியவே இல்லை. காபி கலந்து எடுத்துக்கொண்டு, "முடிஞ்சுது மாமா, கடைசியில அவன் படகைத் திருப்பிட்டான் பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே அவர் அறைக்குள் போனாள்.

மாமா தலையணையிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. சுவிட்ச் அவர் இடது கைக்கு அடியில் இருந்தது. கம்ப்யூட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வந்து பார்த்த டாக்டர், "உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்" என்றார். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கணவன் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்.

உறவெல்லாம் கூடியிருந்தபோது நாத்தனார் கேட்டாள், எல்லார் முன்னாலும். "அப்பாவுக்கு இப்படி ஆனப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்து ரூம்ல."

"பக்கத்து ரூம்ல இருந்தும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

நாத்தனார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும்.

எல்லாரும் கிளம்பிப் போனதும் கணவன் மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினான். "எரியுதா?" என்று கேட்டான்.

அவள் தன் அறையிலிருந்து பார்த்தாள். எரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"எரியுது" என்றாள்.

அமுக்கக் கையில் வலு இல்லையா, மனம் வரவில்லையா, கதையைக் கேட்டபடியே போய்விட்டாரா? சாப்பிடும்போது கணவன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். நல்லவன்தான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சில வாரங்கள் கழித்துப் படகுத்துறை அத்தியாயத்தைப் போட்டுக் கேட்டாள். பிழை பார்க்க அல்ல. ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டு, தன் வாக்கியங்களை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே இருந்த இடங்களைக் கேட்டாள். ஒரு இருமல், கட்டில் சட்டத்தில் ஒரு தட்டல், ஏதாவது ஒன்று. சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டாள். ஒன்றும் இல்லை. எச்சில் விழுங்கியதுகூடத் தன்னுடையதுதான்.

வேறு வழியின்றி அதையே அனுப்பினாள். பதிப்பாசிரியர் கூப்பிட்டாள். "இவ்வளவு சுத்தமா நீங்க அனுப்பினதே இல்லைங்க. புது ஸ்டூடியோ கட்டிட்டீங்களா?"

"இல்ல. வீட்லதான்."

அடுத்த புத்தகம் வேண்டாம் என்று கொஞ்ச நாள் தட்டிக் கழித்தாள். தையல் கற்றுக்கொள்ளப் போனாள், கை வரவில்லை. வேறு வேலை தேடினாள். கடைகளில் எல்லாம் ஆள் இல்லாமலேயே மைக் பேசியது. பதிப்பாசிரியர் மறுபடி கூப்பிட்டபோது ஒத்துக்கொண்டாள். இந்த முறை நகைச்சுவை நாவல். மாப்பிள்ளையும் மாமனாரும் ஒரே வீட்டுக்குள் ஒளிந்து விளையாடும் கதை.

"முகத்துல சிரிப்பு வச்சுக்கிட்டே படிங்க. அப்பதான் அது குரல்ல வரும்" என்றாள் பதிப்பாசிரியர்.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் உதட்டை விரித்து வைத்து வாசித்தாள். தாடை வலித்தது. புத்தகம் வெளிவந்ததும் கேட்டவர்கள் நிறையப் பேர் எழுதினார்கள், வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று. கணவன் வேலைக்குப் போகும் வழியில் அதைக் கேட்கத் தொடங்கி, மாமனார் வரும் இடத்தில் நிறுத்திவிட்டான்.